ஆக்சிஜனுக்கு ஒரு சைகை

அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவர்கள் தெருக்காரர்கள். அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர், வாயைத் திறந்து பேசியது அவள் ஒருத்திதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், மேல்வீட்டுக் குழாய் ஒழுகினாலும், டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழலை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னாலும் நடுவில் அவள் நிற்க வேண்டும். அப்பாவின் கோபத்தை அவள் கீச்சுக்குரலில் எடுத்துச் சொல்வாள். எதிரில் நிற்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரித்ததையும் அப்பாவிடம் சொல்லிவிடுவாள். எதையும் பாதியில் விழுங்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் எழுத்துக்கூட்டிக் கூப்பிடுவதில்லை. ஆளைப் பார்த்து ஒரு சைகை வைத்துவிடுவார்கள். அன்றிலிருந்து அதுதான் பெயர். அவளுக்கு அம்மா வைத்த பெயர், விரல்களை வாய்க்கு முன்னால் வாத்து அலகு போலத் திறந்து மூடுவது. தெரு வைத்ததும் அம்மா வைத்ததும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது.

வளர்ந்தபின் அதையே தொழிலாக்கிக்கொண்டாள். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றித் தந்தாள். நாற்பதை நெருங்கும்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் படிப்பில், முதல் தடவையாகக் காது கேளாதவர்களுக்கென்றே ஒரு வகுப்பு தொடங்கியிருந்தார்கள். வேதியியல் பாடம் கொஞ்சம் கஷ்டமாக இருக்குமே என்று முதல்வரம்மா தயங்கினார். அவள் தயங்கவில்லை.

“எந்தப் பாடமா இருந்தாலும் சரி மேடம். வாத்தியார் வாயில வந்ததெல்லாம் என் கையில வந்துடும்.”

வந்தது. ஆனால் வந்தது யாருக்கும் உதவவில்லை. வேதியியல் ஆசிரியர் நல்ல மனிதர், பாடத்தில் ஆசை உள்ளவர், அதனாலேயே வேகமாகப் பேசுபவர். போர்டில் எழுதிக்கொண்டே மூக்கைத் தடவுவார். மாணவர்கள் முதல் நாளே அவருக்குச் ‘சாக்பீஸ் மூக்கு’ என்று சைகைப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் மாலிப்டினம் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தச் சொல்லுக்குச் சைகை இல்லை. அவள் அதன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் கூட்டிக்கொண்டிருப்பாள். பாதி எழுத்தைத் தாண்டுவதற்குள் அவர் அடுத்த உலோகத்தில் இருப்பார். நாள் முடியும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் ‘புருவம்’ என்று பெயர். முப்பதைத் தொட்டவள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்துவிட்டுப் படிக்க வந்தவள். சைகைமொழியில் புருவத்தை உயர்த்தினால்தான் கேள்வி கேள்வியாகும். அவளுடைய அடர்ந்த புருவம் கேட்காத கேள்வி இல்லை. இடைவேளையில் அவள் வந்து நின்று கையால் சொன்னாள். சைகையில் பேசியதையும் வாயால் பேசியது போலவே இங்கே எழுதுகிறேன்.

“அக்கா, நீங்க எழுத்தெழுத்தா கொட்டிட்டுப் போறீங்க. அதை அள்ளி நாங்க எங்க வைக்கிறது? ஒரு படமும் வர மாட்டேங்குது.”

படம் என்று அவள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. அன்று மாலை வாயாடி நூலகத்துக்குப் போய், ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் தடித்த அகராதியை இறக்கினாள். மறுநாள் பாடத்தில் ஹாலஜன் வருவதாக இருந்தது. அதைத் தேடினாள். கிரேக்கத்தில் உப்பு என்ற சொல்லும் பிறப்பிப்பது என்ற சொல்லும் சேர்ந்து ஆனது என்று போட்டிருந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே அவள் கை தானாக ஆடியது: நாக்கில் உப்பைத் தொட்டு, வயிற்றிலிருந்து இறக்கி வைப்பது. உப்பைப் பெற்றுப்போடுகிறவள்.

மறுநாள் வகுப்பில் அதைக் காட்டியதும் தூங்கிக்கொண்டிருந்த கண்கள் விழித்துக்கொண்டன. குளோரின் என்பது வெளிறிய பச்சை, புரோமின் என்பது நாற்றம், அயோடின் என்பது ஊதா. புரோமினுக்கு மூக்கைப் பிடித்து முகத்தைச் சுளித்தாள். பின்பெஞ்சுக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டி அதே சைகையைச் செய்ய, வகுப்பு குலுங்கியது. ஆசிரியர் திரும்பிப் பார்த்து என்ன விஷயம் என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு புதிய தனிமம் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவள் கதை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கத் தொடங்கினார்.

மந்த வாயுக்கள் வந்த வாரம் வகுப்புக்கே கொண்டாட்டம். நியான் என்றால் புதுசு, கிரிப்டான் என்றால் ஒளிந்திருப்பது, செனான் என்றால் அந்நியன், ஆர்கான் என்றால் வேலை செய்யாதவன். ஆர்கானுக்கு அவள் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்ந்து காட்டினாள். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, ஏசி மெக்கானிக்கான அவள் கணவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். “சரியாத்தான் வச்சிருக்கான். அதனாலதானே வெல்டிங்குக்கு அதைப் புடிக்கிறோம். பக்கத்துல என்ன எரிஞ்சாலும் எனக்கென்னன்னு இருக்கும். எங்க அண்ணன் மாதிரி.”

கோபால்ட்டும் நிக்கலும் வந்தபோது அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. சுரங்கத்தில் நல்ல உலோகம் போலவே மின்னும் கல்லை வெட்டியெடுத்து உருக்கினால், எதிர்பார்த்த உலோகம் வராமல் விஷப்புகை மட்டும் வந்ததாம். குட்டிச்சாத்தான் வேலை என்று சுரங்கக்காரர்கள் அதன் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்களாம், அதுதான் கோபால்ட். செம்பு போலக் காட்டி ஏமாற்றியது செம்புச்சாத்தான். அதில் செம்பு உதிர்ந்துபோய், சாத்தான் மட்டும் நிக்கலாக நின்றுவிட்டது. “அப்போ நம்ம வீட்டுக் குழாய்ல பூசியிருக்கிற நிக்கலெல்லாம் பேய்முலாமா?” என்று கேட்டுவிட்டுக் கணவர் குளியலறைக் குழாயைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒருநாள் கொரண்டம் என்ற கல் வந்தது. உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் இருக்கிற கடினமான பொருள். அகராதியைத் திறந்தவள் துள்ளிவிட்டாள். குருந்தம் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று அச்சடித்திருந்தது. வகுப்பில் அதைப் பெருமையோடு சொன்னாள். நம்ம சொல், நம்ம வாயிலிருந்து போன சொல் என்றாள். யாருடைய முகத்திலும் ஒன்றும் மாறவில்லை. புருவம் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

“நம்ம வாயின்னு சொல்றீங்க. எங்களுக்குத் தமிழும் பள்ளிக்கூடத்துல படிச்ச மொழிதான் அக்கா. இங்கிலீஷ் ஒரு வெளியூரு, தமிழ் ஒரு வெளியூரு.”

வாயாடிக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த பாடம் காத்திருந்தது, அவளும் வேகத்தில் இருந்தாள். அடுப்படியில் நின்றே சைகைகளைத் தயார்செய்து, காலையில் சுடச்சுடக் கொண்டுவந்து இறக்கினாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பேச்சு வருவதற்கு முன்பே கை வந்த பிள்ளை அவள். இந்த மொழியில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அந்த வேகத்தில்தான் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் ஜோடியாகச் சைகை வைத்தாள். ஹைட்ரஜன் நீரைப் பெறுவது, ஆக்சிஜன் அமிலத்தைப் பெறுவது. முதலாவதற்குத் தண்ணீர் சைகை, இரண்டாவதற்கு அமிலச் சைகை, இரண்டுக்கும் பின்னால் வயிற்றிலிருந்து இறக்கும் அதே கை. பார்க்க அழகாக இருந்தது. புருவத்தின் புருவம் லேசாக ஏறியதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

பருவத்தேர்வு வந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள தனிமங்கள் எவை என்று ஒரு கேள்வி. பெயரிலேயே பதில் இருக்கிற கேள்வி, ஹைட்ரஜனும் குளோரினும். எல்லோருக்கும் மதிப்பெண் கிடைக்கட்டும் என்றே ஆசிரியர் அதைப் போட்டிருந்தார். வகுப்பு மொத்தமும் அந்த இரண்டையும் எழுதி, கூடவே ஆக்சிஜனையும் எழுதியிருந்தது. ஒருவர் விடாமல் அதே தவறு. தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றவர் முதல்வரம்மாவிடம் போய், இவர்கள் கையாலேயே பேசிக்கொள்கிறவர்கள், சத்தம் வராமல் காப்பியடித்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

விசாரணை முதல்வரம்மாவின் அறையில் நடந்தது. மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். ஆசிரியர் விடைத்தாள்களை மடியில் வைத்துக்கொண்டு வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தார். வாயாடி வழக்கம்போல நடுவில் நின்றாள். மொழிபெயர்க்க நிற்பவர் தன் பேச்சை நடுவில் நுழைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. அவள் அதை எந்தக் கோர்ட்டிலும் மீறியதில்லை.

காப்பியடித்தீர்களா என்று முதல்வரம்மா நேரடியாகக் கேட்டார். புருவம் முன்னால் வந்தாள். அவள் கைகள் கோபத்தில் வெட்டி வெட்டி நகர்ந்தன. வாயாடி அதைக் குரலாக்கினாள்.

“நாங்க யாரும் யாரையும் பார்க்கல. பார்க்க வேண்டிய அவசியமும் இல்ல. ஆசிட்டுன்னா அதுல ஆக்சிஜன் இருந்துதானே ஆகணும்? அதைப் பெத்ததே அதுதானே. பேர்லயே இருக்கு.” சொல்லிவிட்டுப் புருவம் அந்தச் சைகையைச் செய்து காட்டினாள். அமிலம், வயிறு, இறக்கும் கை.

அதை மட்டும் வாயாடி குரலாக்கவில்லை.  முதல்வரம்மா, “என்ன சொல்றாங்க?” என்றார்.

வாயாடி கையை உயர்த்தினாள். ஒரே நேரத்தில் வாயாலும் கையாலும், சுவரோரம் நின்ற எல்லோருக்கும் தெரியும்படி பேசினாள்.

“மேடம், இப்ப பேசப்போறது நான். இது அவங்க பேச்சு இல்ல, என் பேச்சு. இந்தத் தப்பு இவங்க யாருடையதும் இல்ல. என் கையிலேர்ந்து வந்தது. ஆக்சிஜன்ங்கற சொல்லுக்கு அகராதியில என்ன அர்த்தம் போட்டிருந்துச்சோ அதையே சைகையா வச்சுக் குடுத்தேன். அமிலத்தைப் பெத்ததுன்னு. இவங்க அந்தச் சைகையை நம்பினாங்க. நம்பிப் பதில் எழுதினாங்க. அவ்வளவுதான் நடந்தது.”

 அவள் காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

ஆசிரியர் விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். முதல்வரம்மாவுக்கு எரிச்சல் வந்தது.

“மேடம், அந்தப் பேரை வச்ச விஞ்ஞானிக்கே அதே எண்ணம்தான். எல்லா அமிலத்துலயும் இது இருக்கும்னு நம்பித்தான் அப்படிப் பேர் வச்சார். அப்புறம் இந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வச்சுத்தான் அந்த எண்ணமே உடைஞ்சுது. தப்புன்னு தெரிஞ்சும் பேரை யாரும் மாத்தல. இவங்க காப்பியடிக்கல. யோசிச்சிருக்காங்க. சரியா யோசிச்சுத் தப்பான இடத்துக்குப் போயிருக்காங்க.”

வாயாடி அதைச் சைகையில் சொல்லி முடித்தபோது சுவரோரத்தில் தோள்கள் தளர்ந்தன. மறுநாள் வேறு கேள்விகளோடு தனித்தனியாக உட்காரவைத்துத் தேர்வு வைத்தார்கள். வகுப்பு நன்றாகவே எழுதியது. மேற்பார்வைக்கு நின்றவர் வராந்தாவில் புருவத்தைப் பார்த்துச் சங்கடமாகக் கும்பிட்டார்.

ஆனால் புருவத்துக்கு அதோடு முடியவில்லை. ஆய்வுக்கூட வாசலில் வாயாடியை மறித்தாள்.

“அக்கா, நீங்க எங்களுக்காகப் பேசினது பெரிய விஷயம். அது வேற. அந்தச் சைகையை யாரைக் கேட்டு வச்சீங்க? எனக்கு அன்னிக்கே உதைச்சுது. ஹைட்ரோகுளோரிக்குன்னு விரலால கூட்டினப்போ அதுல ஆக்சிஜன் எங்கன்னு தேடினேன். நீங்க என் மூஞ்சியைப் பார்த்தீங்க. பார்த்துட்டுப் போயிட்டீங்க. சரி, அக்கா வச்சது சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன்.”

வாயாடிக்கு வலித்தது. கதை இல்லாமல் நீங்கள் எப்படிப் படித்திருப்பீர்கள், மணிக்கட்டு வீங்க வீங்க யார் உழைத்தது என்றெல்லாம் பதில் சொன்னாள். புருவம் எதிர்வாதம் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். அந்த மொழியில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

வாயாடி நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா தையல் மெஷினில் ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் பேப்பரோடு. வாயாடி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா தன் பக்கம் நிற்பார் என்றுதான் வந்தாள். அம்மா நூலைக் கடித்துத் துப்பிவிட்டு மெஷினை நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு சொல்றது சரி.”

“அம்மா, நான் உன் பொண்ணு. நான் என்ன வெளியாளா?”

“நீ என் வயித்துல பொறந்தவதான். நான் வச்ச பேருதான் உன் பேரு. ஆனா ராத்திரி மழை பெஞ்சா உனக்குத் தெரியும். நாங்க காலையில கதவைத் திறந்துதான் பார்ப்போம். தப்பான சைகை ஒண்ணு வந்துச்சுன்னா நீ காதால கேட்டுத் திருத்திக்குவ. எங்களுக்கு வேற வழி இல்ல, கண்ணு. கையில வந்ததுதான் உண்மை.”

அப்பா பேப்பரை இறக்கி, அம்மா சொல்வதோடு தானும் ஒத்துப்போவதாகத் தலையசைத்தார். வீட்டில் இருவரும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். வாயாடி உட்கார்ந்தாள். அம்மா திரைத்துணியின் மறுமுனையை அவள் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினை ஓட்டினார். ஓரம் முழுக்க அடித்து முடியும்வரை இருவருக்கும் கை காலியாக இல்லாததால் பேச்சும் இல்லை.

மறுநாள் அவள் வகுப்புக்கு முன்னால் வந்து நின்றபோது வழக்கமான நிமிர்வோடுதான் நின்றாள். மன்னிப்புக் கேட்பதையும் அவள் நிமிர்ந்துகொண்டே செய்வாள். இனிமேல் சொல்லின் கதையை மட்டும் கொண்டுவருவேன் என்றாள். அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வைத்தது, வைத்தவர் நினைத்தது சரியா தப்பா என்று ஆசிரியரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வேன். சைகை வைப்பது உங்கள் வேலை. புருவம் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

முதல் வேலையாக ஆக்சிஜனை எடுத்துக்கொண்டார்கள். வகுப்பு சந்தைக்கடை ஆனது, சத்தம் மட்டும் இல்லை. ஒருவர் மூச்சு என்றார், அது எல்லாக் காற்றுக்கும் பொருந்துமே என்று இன்னொருவர் மறித்தார். ஒருவர் நெருப்பு என்றார், நெருப்பு எரிபொருளுக்கும் பொருந்துமே என்றார்கள். கடைசியில் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்து, அதே கை வெளியே வரும்போது விரல்கள் சுடராக நெளிவது என்று முடிவாயிற்று. உயிரையும் நெருப்பையும் வளர்ப்பது. ஆசிரியரிடம் காட்டினார்கள். அவர் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு, பெயர் வைத்தவரைவிட நீங்கள் பொருத்தமாக வைத்துவிட்டீர்கள் என்றார்.

பழைய சைகைகளும் விசாரணைக்கு வந்தன. புரோமினின் நாற்றமும் ஆர்கானின் சோம்பலும் சேதமில்லாமல் தப்பித்தன. மாலிப்டினத்தின் மூலச் சொல்லுக்கு ஈயம் என்று பொருள், ஈயத்தோடு குழப்பிக்கொண்டு வைத்த பெயர் என்று அவள் சொன்னதும் அந்தக் கதையையே வெளியே தள்ளினார்கள். குருந்தத்துக்கு அவர்கள் வைத்த சைகையில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒரு முஷ்டியை இன்னொரு முஷ்டியால் தேய்த்து, தேயாமல் நிற்பதைக் காட்டியது. அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் நல்ல சைகை என்று ஒப்புக்கொண்டாள்.

படிப்பு முடிந்து புருவத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பம்புகளின் இரைச்சலில் அங்கே காது கேட்பவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. குளோரின் அறைக்குள் முகமூடி போட்டுவிட்டால் பேசவும் முடியாது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள், புருவம் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்த பொறியாளர், ஊழியர்கள் எல்லோருக்கும் முறையாகச் சொல்லித்தர வேண்டும் என்று புருவத்தையே கேட்டார். அவள் கையைக் குரலாக்க வாயாடியை அழைத்தாள்.

அன்று புருவம் எடுத்த எடுப்பில் ஆக்சிஜன் கதையில்தான் தொடங்கினாள். தப்பான சைகை வைத்த ஓர் அக்காவைப் பற்றி, அவருடைய அவசரத்தைப் பற்றி, நடக்கும் நடையைப் பற்றிக்கூட விலாவாரியாக நடித்துச் சொன்னாள். அதை ஒரு வார்த்தை குறையாமல் தன் வாயாலேயே சபைக்குச் சொல்ல வேண்டியிருந்தது வாயாடிக்கு. சொன்னாள். எங்கே சிரிப்பு வர வேண்டுமோ அங்கே நிறுத்தி, சிரிப்பு அடங்கக் காத்திருந்து சொன்னாள். அந்த அக்கா நீங்கள்தானா என்று முடிவில் பொறியாளர் மெல்லக் கேட்டபோது, “நானேதான் சார், சந்தேகமே வேண்டாம்” என்றாள்.

இப்போது பழைய மாணவர்களும் புதிய மாணவர்களும் மாதாமாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி நிலையத்து வகுப்பறையில் கூடுகிறார்கள். சென்ற தடவை எடுத்துக்கொண்டது ஆன்டிமனி. வாயாடி அகராதியில் பார்த்ததை அப்படியே சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை, ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள், எதற்கும் ஆதாரம் போதாது. கதை எதுவும் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றாள். அறையில் ஒரு சுறுசுறுப்பு பரவியது. நாற்காலிகள் நெருங்கின. ஆசிரியர் பெட்டியிலிருந்து அந்த உலோகத்துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார், வெள்ளி போலப் பளபளத்து, தட்டினால் உடைந்துவிடும் துண்டு. அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். புருவம் முதலில் ஒன்று சொன்னாள், யாரும் ஏற்கவில்லை. இன்னொருவர் சொன்னார், பாதிப் பேர் தலையாட்டினார்கள். வாயாடி கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.